வலது வளைவில் மட்டும்

ஒடுகத்தூரிலிருந்து மலை ஏறும் மாலை பஸ்ஸில் ராஜேஸ்வரி யாரையும் நம்பவில்லை. காக்கிச் சட்டையை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு, பூப்போட்ட சேலையும் கையில் காய்கறிப் பையுமாக நின்றுகொண்டிருந்த அவள் ஒரு போலீஸ்காரி என்பது அருணாவுக்கும் கண்டக்டர் வெற்றிச்செல்வனுக்கும் மட்டுமே தெரியும். ஒரு யோசனையில், கண்டக்டருக்குக்கூடச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்குப் பட்டது. நெரிசலில் எங்கு வேண்டுமானாலும் புகுந்து வர அவனுக்கு ஒரு காரணம் இருக்கிறதே.

அருணா கடைத்தெருவில் மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். வளைவுகளில் பின்னாலிருந்து ஒரு கை வருகிறது, திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வேறெங்கோ பார்க்கிறார்கள் என்று ஸ்டேஷனுக்கு வந்து சொன்னாள்.

"இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா வேலைய வுட்டுட்டு வூட்ல கெடன்னு அப்பா சொல்லிட்டாருக்கா. சின்னராஜ் சித்தப்பா தெனமும் இதே பஸ்ல வர்றாரு. அப்பா அவருகிட்ட சொல்லி, என் பக்கத்துலயே நிக்க வெச்சிருக்காரு. அப்பவும் அந்தக் கை வர்றது நிக்கல."

பஸ்ஸில் புதிதாகக் கேமரா உண்டு. டிரைவர் தலைக்கு மேலிருந்து பின்பக்கம் பார்க்கும். நல்ல கேமராதான். ஆனால் நிற்கிறவர்கள் நெருக்கியடித்தால் அதற்குத் தெரிவது தலைகள் மட்டுமே. கைகள் கீழே, உடம்புகளுக்கு நடுவில் இருக்கின்றன. அதனால்தான் ராஜேஸ்வரியை அனுப்பினார்கள்.

அருணா இடப்பக்கக் கம்பியைப் பிடித்து, ஜன்னலைப் பார்த்து நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால், கூட்டத்துக்கும் அவளுக்கும் நடுவில் சின்னராஜ். அவருக்கு அடுத்து ரஞ்சித்குமார் என்ற பையன், காதில் இயர்போனும் கண்ணில் கள்ளத்தனமுமாக. கள்ளத்தனம் என்று நினைத்தது ராஜேஸ்வரிதான். அவளுக்கு அன்று எல்லாக் கண்களும் அப்படித்தான் தெரிந்தன.

"தள்ளி நில்றா டேய், பொண்ணு நிக்கிறது தெரியல?" என்று சின்னராஜ் அவனை அதட்டினார்.

"எங்க பெரீப்பா தள்றது, டிரைவர் மடியிலயா?"

பஸ் முதல் கொண்டை ஊசி வளைவில் வலப்பக்கம் திரும்பியது. ராஜேஸ்வரி இடப்பக்கம் சரிந்து, சீட்டில் புளிக் கூடையோடு இருந்த முனியம்மாவின் மடியில் விழுந்தாள்.

"இன்னாம்மா, கீழ்நாடா, மலைக்குப் புதுசா?" முனியம்மா சிரித்தாள். "வண்டி திரும்புறதுக்கு மின்னாடியே அந்தப் பக்கம் சாஞ்சிக்கணும். திரும்புன பொறவு சாஞ்சா பல்லு போய்டும்."

ராஜேஸ்வரி கவனித்தாள். உண்மைதான். பஸ் வலப்பக்கம் திரும்பினால் உடம்பு இடப்பக்கம் எறியப்படும். அதனால் மலைக்காரர்கள், டிரைவர் ஸ்டியரிங்கைத் தொடும் முன்பே காலை அகட்டி வலப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். எறிகிற விசையும் சாய்கிற உடம்பும் ஒன்றையொன்று சரிக்கட்ட, ஆள் நட்ட கம்பம்போல நிற்கிறான். யாரும் யோசித்துச் செய்வதில்லை. ரஞ்சித்குமார் போனைப் பார்த்தபடியே சாய்ந்தான், நிமிர்ந்தான். அடுத்தது இடது வளைவு. எல்லோரும் இடப்பக்கம் சாய்ந்தார்கள், சின்னராஜும்.

அடுத்த வலது வளைவில் ராஜேஸ்வரி மறுபடி விழுந்தாள். இந்த முறை விழுந்தது அவள் மட்டுமல்ல. சின்னராஜும் அருணாவின் மேல் சரிந்தார்.

"பாத்து பாப்பா, கம்பிய நல்லா புடி" என்றார் அக்கறையாக.

அருணா ரஞ்சித்குமாரைத் திரும்பி முறைத்தாள்.

ராஜேஸ்வரி கம்பியைப் பிடித்து எழுந்து சின்னராஜைப் பார்த்தாள். இந்த ரோட்டிலேயே வாழ்ந்தவர், தன்னைப்போல விழுவானேன்? வயசா? காலில் வலியா? வலியென்றால் இடது வளைவிலும் அல்லவா விழ வேண்டும்? அங்கே அசையாமல் நின்றார். அருணா இருக்கும் பக்கம் எறிகிற வளைவுகளில் மட்டும் அவருக்கு மலை மறந்துபோகிறது.

சந்தேகம் சாட்சியாகாது. மறுநாள் கேமராவின் பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தாள். வலது வளைவில் எல்லாத் தலைகளும் ஒரு பக்கம் சாய, ஒரே ஒரு நரைத்த தலை மட்டும் எதிர்ப்பக்கம் போயிற்று. ஒருநாள் அல்ல, எல்லா நாளும்.

அன்று மாலை அவருக்குப் பின்னாலேயே நின்றாள். வலது வளைவு வந்தது. இப்போது அவளும் முன்கூட்டியே சாய்ந்திருந்தாள். விழவில்லை. அருணாவின் இடுப்பில் போய் நின்ற கையை மணிக்கட்டோடு பிடித்தாள்.

"போலீஸ். கைய எடுக்காத, அப்டியே இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

வெற்றிச்செல்வன் விசில் ஊதினான். பஸ் நின்றது.

"பஸ்ஸு தள்ளிச்சிம்மா" என்றார் சின்னராஜ். "வளைவுல நான் இன்னா பண்றது?"

"உன்னையா?" முனியம்மா சீட்டிலிருந்து எழுந்தேவிட்டாள். "பலாப்பழத்தத் தலையில வெச்சிக்கினு கம்பி புடிக்காம வருவியே, உன்னத் தள்ளிச்சா?"

ரஞ்சித்குமார் காதிலிருந்து இயர்போனை எடுத்தான். "இத்தினி நாளா என்னத்தான திட்டுனீங்க" என்றான் மெதுவாக.

அருணா அழவில்லை. சின்னராஜின் முகத்தையே பார்த்தாள். பிறகு, "கேஸ் குடுக்கறேன்க்கா" என்றாள்.

மலைமேல் நிறுத்தத்தில் அருணாவின் அப்பா அர்ச்சுனன் அவளுக்காகக் காத்திருந்தார். பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்த போலீஸ் ஜீப்பில் சின்னராஜ் ஏற்றப்படுவதைப் பார்த்து முதலில் கோபப்பட்டார். ராஜேஸ்வரி சொல்லச் சொல்ல, அவருக்குத் தோளில் கிடந்த துண்டை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"நானேதான் நிக்க வெச்சேன்" என்றார். இரண்டு தரம் சொன்னார். பிறகு மகளிடம், "நாளைலருந்து வேலைக்கு…" என்று தொடங்கினார்.

"போறேன்பா" என்றாள் அருணா.

"சரி. நான் கூட வர்றேன்."

"வேணாம். எம்பின்னால யாரையும் நிக்க வெக்காதீங்க. நான் பாத்துக்கறேன்."

அர்ச்சுனன் ராஜேஸ்வரியைப் பார்த்தார், அவள் ஏதாவது சொல்வாள் என்பதுபோல. அவள் ஜீப்பை நோக்கிப் போனாள். அருணா தன் பையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.