கையெழுத்து வைக்கும்போது முஃபீதாவின் முகம்

1
இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. வீட்டு டிவிடி பிளேயரில் திக்கித் திக்கி ஓடிய ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு, கற்பிட்டியில் றொபின்சனின் படப்பிடிப்புக் கடைக்குச் சண்டைக்குப் போயிருந்தேன். பெண்கள் பக்கத்துக்குக் கமரா பிடிக்கிற பிள்ளை சொன்னாள்: "உங்கட தட்டு எவ்வளவோ மேல். ஒரு தட்டால ஒரு குடும்பமே முழிச்சிக்கிட்டு நிக்கிது." அவளுக்கு நிஃப்லா என்று பெயர் வைத்தேன்.

முதல் வரியை இப்படி எழுதினேன்: கடற்காற்று மெல்ல வருடிய அந்த மாலையில், நிஃப்லா தன் கமராவை

வேண்டாம். கற்பிட்டிக் காற்று யாரையும் வருடுவதில்லை. மணலை அள்ளி லென்ஸில் அப்பும்.

2
கரைத்தீவுக் கமீலாவின் மகள் முஃபீதாவுக்குக் கலியாணம். வாப்பா ஜப்பார் கட்டாரில், லீவு கிடைக்கவில்லை. மகளுக்கு முழு விருப்பம் என்று கமீலா தொலைபேசியில் சொன்னதை நம்பி, தன் இடத்தில் தம்பியை, பிள்ளையின் சாச்சாவை, நிறுத்தினார். ஒன்றை மட்டும் கேட்டார். "சாச்சா சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்கக்குள்ள புள்ளைட மொகம் எப்படி இரிந்திச்செண்டு நான் பாக்கணும்."

எங்கள் பக்கத்தில் கலியாணப் படம் ஆண்களுக்கு ஒரு தட்டு, பெண்களுக்கு ஒரு தட்டு. பெண்கள் தட்டு வீட்டு அலுமாரியைத் தாண்டாது. வேலை முடிந்ததும் கமராவிலும் கணினியிலும் உள்ளதைப் பெண்ணின் உம்மாவுக்கு முன்னால் அழித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் கூப்பிட மாட்டார்.

தட்டைக் கட்டாருக்குக் கொண்டுபோக இருந்தவன் பக்கத்து வீட்டு ஹுனைஸ். கமீலா யோசித்தாள்.

"பொம்புளத் தட்டெண்டு தெரிஞ்சா ஒருக்காப் போட்டுப் பாக்காமக் கொண்டு போவானா? ஆம்பிளத் தட்டுலயே பின்னால ஒட்டிவிடு புள்ள. மௌலவிட பயான் பேச்சுக்குப் பொறகு. அதுவரைக்கும் எவன் பொறுமையாப் பாப்பான்?"

"கொள்ளாது மாமி. படம் உடையும்."

"கொள்ளும். அமத்து."

(உப்பளத்தில் மூடை கட்டியவர்களுக்குத் தெரியும். அளவுக்கு மேல் அமத்தினால் சாக்குத் தையல் விடும். தட்டும் அப்படித்தான்: இரண்டு மணித்தியாலத்துக்குரியதில் ஐந்தைத் திணித்தால், அசையாத சுவரும் கதிரையும் ஒழுங்காகத் தெரியும், அசைகிற மனிதர்கள் உடைவார்கள்.)

கடையின் சின்னத் திரையில் அங்கொன்று இங்கொன்றாக ஓட்டிப் பார்த்ததில் எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. கமீலா தலையாட்டினாள். நிஃப்லா அவள் முன்னாலேயே அழித்தாள்.

3
கூட இருந்தவர்கள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, ஜப்பார் தொழிலாளர் முகாமின் பெரிய டிவியில் தட்டைப் போட்டார். உடனே கமீலாவுக்கு அழைப்பு.

"சாச்சா பேப்பர நீட்டுறான். பொம்புளைகள் எல்லாம் குனியிறாங்க. அந்த எடத்துல புள்ளைக்கு மொகமே இல்ல, கட்டம் கட்டமா கெடக்கு. அழுறாளா, சிரிக்கிறாளா?"

"சிரிச்சாள்தான்."

"ஒன்ட கத வேணாம். எனக்குப் படம் வேணும். அழுதிருந்தாளெண்டா வேலைய எறிஞ்சிட்டு வந்து, கனமூலைக்கு, மாப்பிள்ள ஊட்டுக்குப் போய் புள்ளையக் கூட்டிட்டு வருவன்."

மகளிடமே கேட்டால் என்ன என்கிறீர்கள். கேட்டார். "நல்லா இரிக்கிறன் வாப்பா" என்றாள். தொலைபேசி மாப்பிள்ளையுடையது, அவனும் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். இதை வைத்து என்னதான் விளங்குவது?

4
கமீலா கடைக்கு வந்தாள்.

முன்கடையிலிருந்து றொபின்சன் யாழ்ப்பாணத்து இழுவையில் கேட்டார்: "மெதுவா ரைட் பண்ணிக் குடுத்தா வராதோ தங்கச்சி?"

"மெதுவாப் பண்ணினா தட்டு திக்காதண்ணா. மொகம் திரும்பி வராது."

"பிளேயரை மாத்திப் பார்க்கச் சொல்லுங்கோ."

"தட்டுல இல்லாத மொகத்த பிளேயர் எங்க போய்த் தேடும்? நீங்க உங்கட பாஸ்போட் படத்த வெட்டுங்க."

கமீலா நிஃப்லாவின் கையைப் பிடித்தாள். "நீதானே எடுத்த. நீ கண்டிருப்பாய்."

நிஃப்லா யோசித்துப் பார்த்தாள். மஞ்சள் பல்பு. பவுடர் அப்பின முகம் வெள்ளையாக எரிந்ததால் வெளிச்சத்தைக் குறைத்தது ஞாபகம். யாரோ முழங்கையால் இடித்தது ஞாபகம். கண்ணுக்குக் கீழே ஏதோ மின்னியது. வேர்வையா? உதடு திறந்தது. சிரிப்பா, விம்மலா? மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"நான் வெளிச்சத்தத்தான் பார்த்தன் மாமி. மொகத்தப் பார்க்கல்ல."

(இந்த இடத்தில் எனக்கு நிஃப்லாமீது சந்தேகம். ஒரு பெண், இன்னொரு பெண்ணை அந்த நேரத்தில் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் இருப்பாளா? ஆனால் அவளை மாற்றி எழுதினால் கதை)

5
"மாமி, அழிச்சது உடன போகாது. அந்தக் கமராக் கார்ட்டுல வேற படம் எடுக்காட்டித் தேடி எடுக்கலாம். நோன்பு மாசம்தானே, கலியாணம் ஒண்டும் இல்ல. கார்ட் சும்மா கெடக்கு."

கமீலா கையை எடுத்துக்கொண்டாள். "எனக்கு முன்னாலதானே அழிச்ச?"

"அழிச்சன்."

"அப்ப மத்த வீட்டுப் புள்ளைகள்ட படம்?"

நிஃப்லா கமராப் பையின் சிப்பை இழுத்து மூடினாள்.

கமீலா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அண்டைக்கி நானும் அறைக்குள்ளதான் நிண்டன் புள்ள. சாச்சா பேப்பர எடுத்ததும், சஹன் சோறு வைக்கிறதப் பாக்கிற சாட்டுல வெளிய போயிட்டன்."

"ஏன் மாமி?"

"தெரிஞ்சா நான் என்ன செய்ய?"

6
முடிவுகள்:

முஃபீதா சிரிக்கிறாள், ஜப்பார் நிம்மதியாகத் தூங்குகிறார். எழுதினேன். விளம்பரம் மாதிரி இருந்தது.

முஃபீதா அழுகிறாள், ஜப்பார் விமானம் ஏறுகிறார். ஆனால் விருப்பத்தோடு கட்டினவளும் அன்றைக்கு அழுவாள்தானே. அப்படியானால் தெளிவான படம் எதைத் தெளிவாக்கும்? பேனையை வைத்துவிட்டேன்.

கார்ட் பழுதாகிவிட்டது. இது கள்ளம்.

நிஃப்லா எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: கார்ட்டைக் கணினியில் போட்டாள்; முஃபீதாவின் படம் வந்தது; கமீலா பின்னறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே கண்டதை எனக்குச் சொல்லமாட்டாளாம். நான் ஆம்பிளை.

அதனால், வாசிப்பவர் பெண்ணென்றால் கமீலாவுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் உட்காருங்கள். ஆண்கள் என்னோடும் றொபின்சனோடும் முன்கடையில் நில்லுங்கள். கமீலா எப்படியும் இந்த வழியாகத்தான் வெளியே வர வேண்டும். அவள் முகத்தைப் பார்த்து உங்களுக்கு என்ன விளங்குகிறதோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.