கேமராவுக்குத் தைத்த உறை

பஸ்ஸில் எத்தனை கேமரா இருக்கிறது என்பது ரகசியமாம். அந்தக் கேமராக்களுக்கெல்லாம் உறை தைத்துக் கொடுத்த என்னிடமே அதைச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான்.

என் வீட்டுக்காரர் நகர பஸ் டிரைவர். மழை ஓய்ந்த ஒரு மதியம், ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஓர் அம்மா பின்வாசலில் இறங்கும்போது விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இறங்கி முடிப்பதற்குள் வண்டியை எடுத்துவிட்டார் என்று இவர்மேல் புகார்.

"வண்டி நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு சார். பின்படி ரப்பர்தான் பிஞ்சிருந்துச்சு" என்று இவர் டிப்போ மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார்.

"கேமராவுல எல்லாம் பதிவாயிருக்கு. தப்பை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடு. ஸ்டியரிங்கை விட்டுட்டு யார்டுல வேலை பாக்கலாம். இல்லைன்னா வேலையே போயிடும்."

"அதை ஒரு தடவை காட்டுங்க சார்."

"அதெல்லாம் வெளிய காட்டறதுக்கு இல்லை."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் நான் துணி வெட்டும் மேஜை ஓரமாக உட்கார்ந்தார். வலது கால் தரையை அழுத்தி அழுத்தி எடுத்தது, பிரேக் மிதிப்பதுபோல. சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு வாரம் போனதும் பேச்சே மாறிவிட்டது.

"ஒருவேளை நான்தான் பாக்காம எடுத்துட்டேனோ என்னவோ. கேமரா பொய் சொல்லுமா?"

எனக்குச் சுருக்கென்றது. வேலை போனால் என் தையல் மிஷின் இருக்கிறது, சமாளித்துவிடலாம். இந்த மனுஷன் தன் கண்ணையே நம்பாமல் போய்விட்டால் நான் எந்த நூலை வைத்துத் தைப்பது?

"கையெழுத்துப் போடாதீங்க. மீதியை நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் அரசு ஆபீசில் தகவல் கேட்கலாம் என்று சட்டம் இருக்கிறது. கேட்டேன். ஒரு பஸ்ஸில் எத்தனை கேமரா, எது எந்தப் பக்கம் பார்க்கிறது, பதிவை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், யார் பார்ப்பார்கள். 'பாதுகாப்பு காரணமாகத் தர இயலாது' என்று ஒரே வரியில் கைவிரித்துவிட்டார்கள்.

பக்கத்து மிஷினில் காஜா எடுத்துக்கொண்டிருந்த என் நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "எத்தனைன்னு அவங்களுக்கே தெரியலையோ என்னவோ அண்ணி. உங்ககிட்ட கேட்டுட்டுப் பதில் போடலாம்ல?"

அவள் சொன்னதில் விஷயம் இருந்தது. டிப்போவில் குழாய் பிடித்து பஸ்ஸைக் கழுவும்போது கேமராவில் தண்ணீர் படாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் எலாஸ்டிக் வைத்த ரெக்ஸின் உறை மாட்டுவார்கள். பஸ்ஸுக்கு ஐந்து. எல்லாம் என் தையல். பளிச்சென்று சிவப்பில் தைக்கிறேன், கழற்ற மறக்காது என்று அப்போதே சொன்னேன். பார்க்க அசிங்கமாக இருக்கும், பஸ்ஸின் உட்கூரைக்குப் பொருத்தமாகச் சாம்பல் நிறத்தில் தை என்றார்கள். அவர்கள் தலையெழுத்து, தைத்துக் கொடுத்தேன்.

விடாமல் மேல்முறையீடு செய்தேன். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு போனேன். விசாரித்தவர் பஸ் தலைமை ஆபீசின் பெரிய அதிகாரி, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்த ஒரு அம்மா. டிப்போ சார்பில், எனக்கு அந்த ஒரு வரிப் பதிலை அனுப்பிய தகவல் அதிகாரி வந்திருந்தார். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் 'ரகசியம்'.

"கேமரா விவரம் வெளிய போனா திருடங்க உஷாராயிடுவாங்க மேடம்" என்றார் ரகசியம்.

"'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்'னு பஸ்ஸுக்குள்ள கொட்டை எழுத்துல நீங்கதானே ஒட்டியிருக்கீங்க? அதைத் திருடன் படிக்க மாட்டானா?"

அந்த அம்மா இருமுவதுபோலச் சிரிப்பை மறைத்தார். நான் பையிலிருந்து மாதிரிக்கு வைத்திருந்த உறைகளை எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினேன்.

"இது முன்வாசல். இது பின்வாசல். இது ரெண்டும் சீட்டுப் பக்கம். இது டிரைவரையே பாக்கறது, கழுத்து நீளம். ரகசியம்னா தையல்காரிகிட்ட அளவு குடுத்திருக்கக் கூடாது மேடம். இவர் மேல பழி போட்டது கேமராவை வெச்சு. அதை யார் பாத்தாங்கன்னாவது சொல்லச் சொல்லுங்க."

"யார் பாத்தீங்க?" என்றார் அம்மா.

"டிப்போவுல... பாத்திருப்பாங்க."

"பாத்திருப்பாங்களா, பாத்தாங்களா?"

விபத்து நடந்த நாளின் பதிவு தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. அங்கேயே திறக்கச் சொன்னார் அம்மா. லேப்டாப்பில் பின்வாசல் கேமரா ஓடியது. திரை முழுக்க ஒரே சாம்பல்.

"நெட்வொர்க் கோளாறு மேடம்" என்றார் ரகசியம்.

எட்டிப் பார்த்தேன். சாம்பலின் நடுவே குறுக்கே ஒரு கோடு, பக்கத்திலேயே இன்னொன்று. பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா?

"கோளாறும் இல்லை, ஒண்ணும் இல்லை. அது என் இரட்டைத் தையல். பஸ்ஸைக் கழுவிட்டு உறையைக் கழட்ட மறந்துட்டாங்க. சாம்பல் கூரையில சாம்பல் உறை, எவன் கண்ணுல படும்?"

அம்மாவின் குரல் தணிந்து, இன்னும் பயமாக இருந்தது. "அப்புறம் எதை வெச்சு எல்லாம் பதிவாயிருக்குன்னு சொன்னீங்க?"

"வழக்கமா... கேமரா இருக்குன்னு சொன்னாலே ஒத்துக்குவாங்க மேடம்."

பூச்சாண்டி! மூணு மாசமா என் புருஷனைத் தின்றது வெறும் பூச்சாண்டி. கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் கழுத்து நீளமான அந்த உறையை மட்டும் கையில் எடுத்துக் காட்டினேன். "இந்தக் கேமராவையும் திறங்க மேடம்."

அதில் உறை இல்லை. என் வீட்டுக்காரர் தெளிவாகத் தெரிந்தார். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். கை பிரேக்கைவிட்டு நகரவேயில்லை. பின்னால் அலறல் கேட்டதும் சீட்டிலிருந்து பாய்ந்தார். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி வாசல் கடைசிவரை ஒரே இடத்தில் நின்றது. பஸ் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பின்வாசல் படி ஓரத்து ரப்பர் பிய்ந்திருந்ததாக இவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விழுந்த அம்மாவின் கால் அதில்தான் வழுக்கியிருக்கும்.

விசாரணை அம்மா உத்தரவைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதினார். டிரைவர் மேல் உள்ள புகார் ரத்து. எத்தனை கேமரா, எது எங்கே பார்க்கிறது, பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யாரிடம் கேட்பது, எல்லாம் ஒவ்வொரு பஸ்ஸிலும் பயணிகள் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். நடுவில் என்னைப் பார்த்து, "உறை என்ன நிறம் போடலாம்?" என்றார்.

"சிவப்பு" என்றேன்.

வீட்டுக்காரர் இதெதையும் கவனிக்கவில்லை. லேப்டாப் பக்கம் குனிந்து, "இன்னொரு தடவை போடுங்க சார்" என்று ரகசியத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவரும் போட்டார். இவர் கண்ணாடி பார்ப்பதை இவரே பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"வண்டி நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு" என்றார், யாரிடமும் இல்லை, தனக்குத்தானே.