சமையலறைக் கண்ணாடியின் அரிப்பு வீதம்

காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பான். காபிக்குத் தண்ணீரை அடுப்பில் வைப்பான். அது கொதிப்பதற்குள், சமையலறை ஜன்னல் கண்ணாடி இரவில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டு, குளித்து, வேலைக்குக் கிளம்புவான். மனைவி இறந்த மறுநாளிலிருந்து அந்தக் கண்ணாடி அமிலம் எதுவும் படாமலேயே அரிபட்டுக்கொண்டிருந்தது.

அவன் பிழைப்பும் அதுதான். கண்ணாடியில் பூவும் கொடியும் பொறிக்கும் கம்பெனியில், அமிலம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஆழம் தின்னும் என்று சமன்பாடு எழுதுகிறவன். அமிலம் கீழ்நோக்கி மட்டும் தின்பதில்லை, பக்கவாட்டிலும் தின்னும்; வரைந்த கோட்டைவிட வந்த கோடு தடித்துப்போகும். எவ்வளவு தடிக்கும் என்று முன்கூட்டியே சொல்வதற்குத்தான் சம்பளம்.

அவள் போன காலையும் மற்ற காலைகளைப் போலத்தான் இருந்தது. ஸ்கூட்டரைக் கிளப்புமுன் சந்துப் பக்கம் வந்து, மூடிய ஜன்னலுக்கு வெளியே நின்று, மூச்சு படும்படி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. உதடு அசைந்தது. அவன் தலையாட்டினான். அவள் சிரித்துக்கொண்டே போனாள். தெரு முனையில் லாரி.

என்ன சொன்னாள் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆளாளுக்குச் சொன்னார்கள். "'என்னங்க, உடம்பப் பாத்துக்கங்க'ன்னுதான் சொல்லியிருப்பா எம்பொண்ணு" என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் அழுதார். அவள் ஆயுளில் ஒருமுறைகூட அவனை என்னங்க என்று கூப்பிட்டதில்லை. கண்ணாடி விஷயம் காதில் விழுந்ததும் மாமனார், "அரிப்புன்னா சும்மா விடக்கூடாது மாப்ள, நல்ல தோல் டாக்டரா பாருங்க" என்றார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

கம்பெனி மேலாளருக்கோ வாயெல்லாம் பல். அமிலச் செலவே இல்லாத அரிப்பு! உடனே பேராசிரியர்களை வரவழைத்தார். அவர்கள் வெளிச்சம் குறுக்கிடக்கூடாது என்று ஜன்னலின் வெளிப்புறம் கறுப்புப் பலகை அறைந்துவிட்டு, உள்ளே அடுப்பை ஓரங்கட்டிக் கருவிகளைப் பரப்பினார்கள். ஒருவர் ஈரப்பதம் என்றார். ஒருவர் அதிர்வு என்றார். மூன்றாமவர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதற்குத் தன் பெயரை வைத்து விருது வாங்கினார். அந்தக் கணக்குப்படி கண்ணாடி போன வருடமே ஓட்டையாகியிருக்க வேண்டும். ஆகாததால், பிழை கண்ணாடியில் இருக்கிறது என்று அறிக்கை எழுதினார்கள். சுழியும் கொக்கியுமாகத் தோன்றிய கோடுகளுக்கு 'நிலையற்ற எல்லைகள்' என்று பெயரிட்டார்கள். அவற்றை ஆராய்ந்து நாலு பேர் டாக்டர் பட்டம் பெற்றார்கள்.

விருது வாங்கியவர் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. சமன்பாட்டுல உங்க வொய்ஃபோட மூச்சையும் சேக்கணும். அதுக்கு என்ன மதிப்பு போடலாம்?"

"பூஜ்யம் போட்டுக்கங்க சார்."

"பூஜ்யம் போட்டா கணக்கு நிக்க மாட்டேங்குதே!"

"எனக்கும்தான் சார்."

ஆய்வுக்கான நிதி தீர்ந்த அன்று, எல்லோரும் துடைத்து வைத்தாற்போல் காலி செய்துகொண்டு போனார்கள். பலகையைக் கழற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அவனே சுத்தியலோடு சந்துக்குப் போய்ப் பெயர்த்தெடுத்தான். இத்தனை வருடமும் உள்ளேயிருந்து பார்த்தவர்களுக்கு எல்லையாகத் தெரிந்தது, அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எழுத்து. பக்கவாட்டில் தின்று, தடித்து, சந்தின் கோடியிலிருந்தே படிக்கலாம் போலிருந்தது.

நின்று படித்தான். அவளைக் கொண்டுபோன அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸுகள் தன்னை ஏன் மேலும் கீழுமாகப் பார்த்தார்கள் என்பது விளங்கியது.

மறுநாளிலிருந்து கண்ணாடி கரையவில்லை. அவனும் அளப்பதை விட்டுவிட்டான். மாமியார் வந்து படித்துவிட்டு, இதில் மரியாதையே இல்லை என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு தானாகவே துணி நனைத்து அதைத் துடைத்துவிட்டுப் போனார். சந்து வழியே போகிறவர்கள் இப்போதும் அந்த ஜன்னலைப் படித்துவிட்டு, ஒருமுறை குனிந்து தங்களைப் பார்த்துக்கொண்டுதான் நகர்கிறார்கள்:

லூசு, சட்டையத் திருப்பிப் போட்டிருக்க.