சிவப்பு எழுத்து வரும், பயப்பட வேண்டாம்

மரிவிக் எழுதிய பக்கம் மறுபடியும் காணாமல் போயிருந்தது. தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்களுக்குச் சீட்டு விற்கும் இணையதளம் அவர்களுடையது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் அதைத் தங்கள் கணினியில் ஓட வைப்பது எப்படி என்று அவள் பார்த்துப் பார்த்து எழுதியிருந்தாள். அந்த இடத்தில் இப்போது நொனிட்டோவின் பழைய நாலு வரிதான் இருந்தது. கடைசி வரி, 'ஓடவில்லை என்றால் கேள்'. கேட்டால் என்ன கிடைக்கும் என்பது செபு நகர அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு முன்னால் வந்த டோண்டோன் என்ற பையன் இரண்டாவது வாரமே கழிப்பறையில் அழுதுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான்.

நேரே நொனிட்டோவின் மேசைக்குப் போனாள். அங்கே மூத்தவர்களை 'குயா', அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"குயா, என் பக்கத்தை அழிச்சது நீங்கதானே?"

"குப்பை கெடந்துச்சு. கூட்டுனேன்." நொனிட்டோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் தளத்தை ஒற்றை ஆளாகக் கட்டியவன் அவன்.

"புதுசா வர்றவங்க என்ன பண்ணுவாங்க?"

"எனக்கு எவன் எழுதி வெச்சான்? முட்டி மோதி நிக்கிறவன் நிக்கட்டும். முடியாதவன் கால் சென்டருக்கே திரும்பிப் போகட்டும்."

மரிவிக் கால் சென்டரிலிருந்து வந்தவள். சுற்றி இருந்தவர்கள் திரையைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"உங்க மண்டைக்குள்ள பூட்டி வெக்க இது உங்க அப்பா வீட்டுக் கப்பல் இல்ல," என்றாள்.

அன்று மாலையே மேலாளர் சரீட்டோ மேடத்திடம் போனாள். அந்தப் பக்கத்தில் நொனிட்டோ கைவைக்க முடியாதபடி சரீட்டோ பூட்டச் சொன்னார். மரிவிக் கேட்பதற்கெல்லாம் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு உத்தரவும் போட்டார்.

அவன் வந்தான். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். கேள்விக்கு ஒரு சொல், சில சமயம் ஓர் உறுமல். எதை முதலில் இயக்க வேண்டும், துறைமுகத்துக்காரர்களின் சோதனைக் கணினி ஏன் பழைய பதிப்பை மட்டும் ஏற்கிறது, கடவுச்சொல் யாரிடம் கிடைக்கும் என்று பல்லைப் பிடுங்குவதுபோல் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். தான் திகைத்து நின்ற ஒவ்வோர் இடத்திலும் ஒரு வரி சேர்த்தாள். 'இங்கே சிவப்பு எழுத்து வரும், பயப்பட வேண்டாம். அடுத்த படிக்குப் போங்கள்.' எழுதும்போது டோண்டோனின் வீங்கிய கண்கள் நினைவுக்கு வந்தன. இரக்கத்தைவிட ஆத்திரம்தான் அவளை எழுத வைத்தது.

கடைசி நாள் நொனிட்டோ எழுந்து நின்று கேட்டான்: "இது முடிஞ்சதும் மேடம் என்ன பண்ணுவாங்கன்னு யோசிச்சியா?"

"உங்களுக்கு நிம்மதியா லீவு கிடைக்கும்."

அவன் சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது காதில் வெகுநேரம் உறுத்தியது.

அடுத்த மாதம் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். சேர்ந்த அன்று மதியத்துக்குள் இருவர் திரையிலும் கப்பல் அட்டவணை ஓடியது. யாரையும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். சரீட்டோ முழுப் பன்றியாகச் சுட்ட லெச்சோன் வரவழைத்தார். பன்றித் தோல் மொறுமொறுவென்று உடையும் சத்தத்துக்கு நடுவே நொனிட்டோ மட்டும் தட்டைத் தொடவில்லை. அந்த வாரக் கடைசியில் அவனை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தவன் மேசையைக் காலி செய்யத் தொடங்கினான்.

மரிவிக் சரீட்டோவின் அறைக்கு ஓடினாள். "நான் இதுக்காக எழுதல மேடம்."

"எதுக்காக எழுதினா என்ன? நல்லா எழுதியிருக்க. அவன் சம்பளத்துல ரெண்டு பேரு," என்றார் சரீட்டோ, சாதாரணமாக.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நொனிட்டோ தன் சொந்தக் காசில் வாங்கிய பெரிய திரையை மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். மழை பிடித்திருந்தது. நழுவிய கயிற்று நுனியை அவள் பிடித்தாள்.

"கையை எடு."

எடுத்தாள். "எனக்குத் தெரியாது குயா."

"தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டியோ?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "எழுதியிருப்பேன்" என்று வந்தது.

அவன் முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நீ எழுதினதுல ஒரு தப்பு இருக்கு. பெரிய தப்பு. எங்கன்னு சொல்ல மாட்டேன்."

உண்மையா, அவளை அலைக்கழிக்கச் சொல்கிறானா என்று அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. அவன் தன் மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றித் திரையைச் சுற்றி மூடி, கைப்பகுதி இரண்டையும் இழுத்து முடிச்சுப் போட்டான். வண்டியைக் கிளப்பினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, ஆளேற்றி ஓடும் இரண்டு ஜீப்னி வண்டிகளுக்கு நடுவே நுழைந்து போனான். பின்னால் அந்த மஞ்சள் கோட்டு மட்டும், யாரோ அவனைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பதுபோல், கொஞ்ச தூரத்துக்குத் தெரிந்தது.