எட்டு வரித் திருத்தம்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. எட்டு வரியில் ஒரு திருத்தம் எழுதித் தரும்படி பத்திரிகை ஆசிரியை கலினா கேட்டிருந்தார். டிசம்பர் இதழின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் வரவேண்டியது. பதினான்கு ஆண்டுகளாக அந்தப் பத்திரிகையில் வீட்டுத் திரையரங்குக் கருவிகளுக்கு மதிப்புரை எழுதுகிறேன். ரிசீவர்கள்தான் என் பங்கு. டிவிக்குக் கீழே கிடக்குமே, கனத்த கறுப்புப் பெட்டி, அதுதான். படத்தின் ஒலியை வாங்கி, அறையைச் சுற்றி வைத்த ஏழு ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும். எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று நான் சொல்வதை நம்பி பல்கேரியாவில் நிறையப் பேர் வாங்குகிறார்கள்.

எட்டு வரிதான். நான்கு முறை தொடங்கினேன்.

“செப்டம்பர் இதழ் மதிப்புரையில் இடம்பெற்ற ஒரு தகவல் பிழை—”

(தகவல் பிழை அல்ல. அடித்துவிட்டேன்.)

“சில பெட்டிகளில் மட்டும் பின்பக்க ஸ்பீக்கர்களில் மெல்லிய இரைச்சல்—”

(‘சில பெட்டிகள்’ என்றவுடன் பழி தொழிற்சாலைக்குப் போய்விடுகிறது. எனக்கு வசதிதான். அதனாலேயே அடித்தேன்.)

“மதிப்புரையாளரின் அறைச் சூழல் காரணமாக—”

(அறை பாவம், அது என்ன செய்தது?)

“ஹிசார்யாவில் ஸ்பாஸ் என்றொருவர்—”

இங்கே வந்ததும் எட்டு வரிக்குள் அடங்காது என்று தெரிந்துவிட்டது.

2

ஸ்பாஸ் கராஜோவ், ஹிசார்யாவின் வெந்நீர்க் குளியல் விடுதி ஒன்றில் மசாஜ் செய்பவர். ஐம்பத்தெட்டு வயது. அக்டோபரில் என் எண்ணை எப்படியோ வாங்கிக் கூப்பிட்டார்.

“யாவோர் சாரா? நீங்க எழுதினத என் சம்சாரம் ரெண்டு தடவ படிச்சுக் காட்டினா. அதக் கேட்டுத்தான் வாங்கினேன். பின்னாடி ஸ்பீக்கர் ரெண்டும் வாயே மூடமாட்டேங்குது சார். ஸ்ஸ்ஸ்னு ஒரே இரைச்சல்.”

“அந்தப் பெட்டியில கோளாறு இருக்கும். கடையில மாத்திக் கேளுங்க.”

“மாத்தியாச்சு. ரெண்டாவதும் இதே கதைதான். கடைக்காரன் நாலு டிவிக்கு நடுவுல நின்னுக்கிட்டு, ஒண்ணும் கேக்கலையேங்குறான்.”

“ஒயர் எதாவது—”

“ஒரு சனிக்கிழமை வாங்க சார். சாப்பிடுவோம். அப்புறம் ஒக்காந்து கேளுங்க. அவ்வளவுதான் நான் சொல்றது.”

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். இதே இரைச்சலைப் பற்றி இன்னும் மூன்று கடிதங்கள் வந்திருப்பதாகக் கலினா சொன்ன பிறகு வேறு வழியில்லை.

3

நான் இருக்கும் ப்ளோவ்திவ் நகரிலிருந்து ஒரு மணி நேரம். நவம்பர் மழை தூறிக்கொண்டிருந்தது. ஸ்பாஸின் மனைவி நெவேனா கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால், சுவரை விரல்நுனியால் தொட்டபடி வந்த ஸ்பாஸ் கையை நீட்டினார். நான் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினார். அவருக்குப் பார்வை இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

[இந்த இடத்தில் நீங்கள் முகம் சுளித்தால் அது நியாயம்தான். ஒலியைப் பற்றிய கதையில் கண் தெரியாதவர் வருவது எழுத்தாளனுக்கு ரொம்ப வசதி. இரண்டாம் பிரதியில் அவரைப் பல் மருத்துவராக மாற்றிப் பார்த்தேன். கதை படுத்துவிட்டது. கடைசியில் அவரிடமே கேட்டேன். “குருடன்னே எழுதிக்க, எனக்கென்ன? ஆனா ஞானி ஆக்கிடாத. தாயம் உருட்டுறப்ப நான் ஏமாத்துவேன், அதையும் போடு” என்றார். போட்டுவிட்டேன்.]

நெவேனா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவைத் துண்டு போட்டு வைத்தார். சாப்பிட்டோம். கூடத்தில் என் மதிப்புரைக்கு வந்த அதே ரக ரிசீவர். ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றும் சரியான கோணத்தில், சரியான உயரத்தில். கயிறு பிடித்து அளந்து தானே வைத்ததாக ஸ்பாஸ் சொன்னார். என் வீட்டில்கூட அவ்வளவு துல்லியம் கிடையாது.

“நாங்க படம் பாக்குறது எப்படின்னா,” என்றார் நெவேனா, “பேச்சு இருக்குறப்ப அவரு கேட்டுக்குவாரு. பேச்சு நிக்கிற எடத்துல திரையில என்ன நடக்குதுன்னு நான் சொல்லுவேன். மெதுவா, காதுகிட்ட.”

“இப்ப அவ சொல்ற எடத்துலயெல்லாம் இந்தச் சனியனும் கூடவே பேசுது,” என்றார் ஸ்பாஸ்.

ஒரு படத்தைப் போட்டார். மலைப்பாதை, கார், சண்டை. பிறகு ஒரு பெண் சமையலறையில் தனியாக உட்காரும் காட்சி. பேச்சு நின்றது.

“இந்தா. கேக்குதா?”

“இல்லையே.”

“வாணலியில எண்ணெ காயுற மாதிரி கேக்குதே தம்பி,” என்றார் நெவேனா.

எழுந்து பின்பக்க ஸ்பீக்கருக்கு அருகில் போய் வலது காதை வைத்தேன். “ஒண்ணும் கேக்கல,” என்றேன்.

“இந்தக் காது வேண்டாம்,” என்றார் ஸ்பாஸ். “அந்தக் காத வை.”

அவர் ஒருமைக்கு மாறியதை அப்போது நான் கவனிக்கவில்லை. திரும்பி, இடது காதை ஸ்பீக்கரின் முகப்புத் துணியோடு அழுத்தினேன். இருந்தது. எங்கோ தூரத்தில் மணல் சரிவது போல.

“வந்ததுலேர்ந்து என்னை எடது பக்கமே வச்சுக்கிட்டிருக்க. ரெண்டு தடவ நாற்காலிய இழுத்த. நெவேனா வலப்பக்கத்துலேர்ந்து இன்னும் ஒரு துண்டு போடவான்னு கேட்டா, நீ பதிலே சொல்லல. எங்க விடுதிக்கு வர்ற கிழடுங்க பாதிப் பேரு இப்படித்தான். எத்தன வருஷமாச்சு?”

“மூணு வருஷம்.” வலது காது முழுக்கப் போய்விட்டது. இடதில் மெல்லிய ஒலிகள் மட்டும் உதிர்ந்திருந்தன. இதை டாக்டரைத் தவிர யாரிடமும் நான் சொன்னதில்லை.

“அப்ப மூணு வருஷமா யார் கேட்டு எழுதுனது?”

4

என் மனைவி ரூமியானா.

(இந்தப் பகுதியை இந்தக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். எடுத்தால் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன்.)

அவள் பள்ளியில் வேதியியல் நடத்துகிறாள். மாலையில் சோபாவில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவாள். நான் புதிதாக வந்த பெட்டியை மாட்டி ஏதாவது ஓடவிட்டு, “எப்படி இருக்கு?” என்பேன், சும்மா கேட்பதுபோல. தலை நிமிராமல், “மழை தகரத்துல விழுற மாதிரி இருக்கு, மழை மாதிரி இல்ல” என்பாள். அதை என் சொற்களில் எழுதுவேன். வாசகர்கள் என் காதைப் புகழ்ந்து கடிதம் போடுவார்கள்.

ஜூலையில் அவளுடைய அக்காவுக்கு வர்ணாவில் இடுப்பு அறுவை நடந்தது. கூட இருக்க ரூமியானா பதினைந்து நாள் போனாள். அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் இந்த ரிசீவர் வந்தது; அதற்குள் திருப்பியும் அனுப்ப வேண்டியிருந்தது. தனியாக உட்கார்ந்தேன். படத்தின் அமைதியான இடங்களில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இவ்வளவு தூய்மையான அமைதியை எந்தக் கருவியிலும் கேட்டதில்லை என்று தோன்றியது. சந்தோஷத்தில் எழுதினேன்: “பேச்சு நிற்கும்போது இந்தப் பெட்டி காணாமலே போய்விடுகிறது. பின்னால் இருப்பது இருட்டு மட்டும்.”

பதினான்கு ஆண்டுகளில் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் அது. யாரையும் கேட்காமல், நானே கேட்டு எழுதியது. நான் கேட்டது என் காதின் அமைதியை.

இதை ஸ்பாஸிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டார்.

“‘பின்னால் இருப்பது இருட்டு மட்டும்.’ அந்த வரியக் கேட்டுத்தான்யா வாங்கினேன். இருட்டப் பத்தி எங்கிட்டயே அளந்துவிட்டிருக்க.” சிரிப்பது போலத் தொடங்கிய குரல் பாதியில் மாறியது. “அவ சொல்றத நான் நல்லாக் கேக்கணும்னு வாங்குனது அது. வேற எதுக்கும் இல்ல.”

நெவேனா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மழையில் நனைந்த ஜன்னலையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பெட்டி மோசம்னு எழுதாத,” என்றார் ஸ்பாஸ். “அதுவும் பாதிப் பொய்தான். உனக்குக் கேக்கலன்னு எழுது.”

5

வீட்டுக்கு வந்து ரூமியானாவிடம் சொன்னேன்.

“காது விஷயமா? தெரியுமே,” என்றாள். “பின்னாலேர்ந்து கூப்பிட்டா நீ திரும்பி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“அப்புறம் ஏன் கேக்கல?”

“நீயா சொல்லுவேன்னு பாத்தேன். தெனம் பாத்தேன்.” விடைத்தாள்களை அடுக்கி வைத்தாள். “மழை, தகரம், கண்ணாடி, எல்லாம் சொல்லிக்கிட்டேதான இருந்தேன்? பதினஞ்சு நாள்தான் போயிருந்தேன் யாவோர். ஃபோன் பண்ணி, நீ வந்ததும் கேட்டுச் சொல்லுன்னு ஒரு வார்த்த சொல்ல முடியல உனக்கு?”

இதற்கு நான் சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் ஏதோ நல்லதாகப் பேசுகிறேன். உண்மையில் நான்—

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்துக் கலினாவிடம் இரண்டு காகிதங்களைக் கொடுத்தேன். ஒன்றில் ‘சில பெட்டிகளில்’ என்று தொடங்கும் எட்டு வரி. அடித்ததைத் திரும்ப எழுதிய வரிகள்தான். இன்னொன்றில் இந்தக் கதை, இதுவரைக்கும்.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இதப் போட்டா நீ இனிமே இங்க எழுத முடியாது. இது தெரிஞ்சுதான் குடுக்குறியா?”

“தெரியும்.”

“அப்ப எட்டு வரிய எதுக்குக் குடுத்த?”

(இரண்டையும் கொடுத்தவன் எதையும் முடிவு செய்யவில்லை. அவர் சொல்லாமல் விட்டதை நான் எழுதிவிடுகிறேன்.)

எட்டு வரியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கதை அவர் மேசையில் இருக்கிறது.

6

அடுத்த ஞாயிறு, எங்கள் வீட்டு ரிசீவரைப் போர்வையில் சுற்றி, நானும் ரூமியானாவும் ஹிசார்யாவுக்குக் கொண்டுபோனோம். ஆறு வருடப் பழசு. இரைச்சல் இல்லை என்று சொன்னது ரூமியானா, நான் அல்ல. ஸ்பாஸ் முதலில் வேண்டாமென்றார். ரூமியானா, “இது அவர் குடுக்கலண்ணே, நான் குடுக்குறேன்” என்றதும் வழிவிட்டார்.

மாட்டினேன். சோபாவில், தலை வரும் உயரத்தில், அறையின் ஒலியை அளந்து பெட்டிக்குச் சொல்லும் மைக்கை வைத்தேன். பெட்டி அறையை அளக்கும்போது யாரும் பேசக்கூடாது. நான்கு பேரும் சுவரோரம் நின்றோம். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் முறையாக ஒலி வந்தது. ஸ்பாஸ் ஒவ்வொன்றையும் விரலால் காட்டிக்கொண்டே வந்தார். ஏழு முறை காட்டினார். நான் கேட்டது ஐந்து.

பிறகு அந்தப் படம். அந்தச் சமையலறைக் காட்சி. பேச்சு நின்றது. நெவேனா குனிந்து ஸ்பாஸின் காதருகே பேசத் தொடங்கினார். உதடு அசைவது மட்டும் எனக்குத் தெரிந்தது. ரூமியானா என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

பின்பக்க ஸ்பீக்கர்கள் என்ன செய்தன, அந்த அறை எப்படி இருந்தது என்று இங்கே ஒரு வாக்கியம் வரவேண்டும். நான் ஆயிரம் முறை எழுதிய வகை வாக்கியம். அதை இம்முறை எழுதமாட்டேன். அங்கே நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மற்ற மூவரில் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.