பாலனின் விரல்கள்

“ஏட்டி, அச்சுக்குள்ள இருக்கது ஒன் கண்ணுக்குத் தெரியுதாக்கும்?” என்று சூசைச் சித்தப்பா ஒருமுறை என்னைக் கேட்டார். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்கும் என்று சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சுரூபங்கள் வார்ப்போம். குங்கிலியத்தையும் தேன்மெழுகையும் உருக்கி, சுட்ட மண் அச்சில் ஊற்றுவது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபிறகு உருக்குவதும் ஊற்றுவதும் என் வேலை. அச்சைத் திறப்பது மட்டும் ஆம்பளை வேலை. சித்தப்பாவுக்குப் பொறுமை கிடையாது. சூடு ஆறுமுன் கொட்டாப்புளியால் தட்டி, கத்தி நுனியைக் கொடுத்து நெம்புவார். விரல்கள் அச்சிலேயே தங்கிவிடும். அரக்கு வைத்து ஒட்டி, சாயம் பூசி அனுப்பிவிடுவார். அப்படித்தான், போன வருடம் இராஜபாளையத்துக்கு அனுப்பிய பாலசேசுவை ஒருத்தி முத்தி செய்தபோது, விரல்கள் அவள் உதட்டோடு வந்துவிட்டன.

அதனால் இந்த வருடம் அந்த ஊர்க் கோயில் உபதேசியார் கிறிஸ்துராஜ் நேரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். இதுவும் உடைந்தால் இனி மதுரையில்தான் வாங்குவோம் என்றார். திருநாளுக்கு முந்தின நாள். காலையில் திறந்த பாலன் கையொடிந்து வந்தான். மிச்சமிருந்த குங்கிலியம் இன்னொன்றுக்குத்தான் கண்டது. அதை ஊற்றி, மத்தியானம்கூட ஆகவில்லை, சித்தப்பா கொட்டாப்புளியோடு வந்தார். நான் அச்சைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

“இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு சித்தப்பா. ஆறுனா தானே சுருங்கி விலகும். தரமாட்டேன்.”

ஊமைச்சி வாயைத் திறந்துவிட்டாள் என்றார் அவர். இராஜபாளையத்துக்கு மத்தியான வண்டி போய்விட்டால் நீயா சுமந்துகொண்டு போவாய் என்று கேட்டார். நான் உபதேசியாரிடம் திரும்பினேன்.

“நடுச்சாமப் பூசை வரைக்கும் குடில்ல தொட்டி வெறுமையாத்தான கெடக்கும்? பொறக்கதுக்கு முன்னாடி எதுக்கு அவசரம்?”

அவர் சிரித்துவிட்டார். “சரிதான். பேறுகாலத்துல கத்தியத் தூக்காத சூசை. சாயங்கால வண்டி இருக்கு.”

“இது ஒடஞ்சா இனிமே நீ அச்சத் தொடக் கூடாது” என்றார் சித்தப்பா.

“ஒடயலேன்னா நீங்க தொடக் கூடாது.”

சொன்னதை நான் திருப்பி எடுக்கவில்லை.

அச்சில் ஈரச்சாக்கைச் சுற்றி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவ்வப்போது விரல்முட்டியால் தட்டிக் கேட்டேன். ஒட்டியிருக்கும்வரை மொத்தென்றுதான் கேட்கும். வெயில் சுவரேறிய பிறகு சத்தம் வெறும்பானைபோல மாறியது. மேல் அச்சை, பாலன் கைநீட்டியிருக்கும் திசையிலேயே, கொஞ்சமும் சாய்க்காமல் நேராகத் தூக்கினேன்.

விரல்கள் எல்லாம் இருந்தன. குதிகாலில் மட்டும் ஒரு சிறு குழி. யாரும் கேட்குமுன் நானே காட்டி, அது ஊற்றியதில் வந்த குறை, மெழுகு வைத்து அடைத்து, சாயம் பூசித் தருகிறேன் என்றேன். உபதேசியார் தலையாட்டிவிட்டு, பொதிவதற்குப் பஞ்சை விரித்தார்.

சித்தப்பா குனிந்து அந்தச் சின்னக் கைகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டாப்புளியை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.