அண்ணன் கொடுத்த மெத்தை

மெத்தை நடுவில் குழி விழுந்து வருஷக்கணக்காகிவிட்டது. ராத்திரி புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஓரமாகப் படுப்பார்கள். விடியும்போது இருவரும் குழிக்குள் முட்டிக்கொண்டு கிடப்பார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு அது சரி. இவளுக்கு இடுப்புப் போய்விட்டது. துணிக்கடைப் பின்னறையில் நாள் முழுக்கக் குனிந்து பேன்ட் நீளம் குறைக்கிறவள், ராத்திரியிலும் வளைந்தே கிடந்தால் என்ன ஆகும்? காலையில் நிமிர்வதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

புது மெத்தை வாங்குகிற நிலைமை இல்லை. இதைத் தூக்கித் தெருவில் போட்டுவிட்டுத் தரையில் போர்வை விரித்துப் படுக்கலாம் என்று லாரி ஓட்டும் புருஷன் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவள் காதிலேயே வாங்கவில்லை. காரணம், அது அண்ணன் வாங்கிக் கொடுத்த மெத்தை. ஓரகத்திகள் பீரோவும் பிரிட்ஜுமாக வந்து இறங்கிய குடும்பத்தில், என் பிறந்த வீட்டில் தந்தது என்று கைநீட்டிக் காட்ட அவளுக்கு அந்த ஒன்றுதான் இருந்தது. அது போய்விட்டால் அவள் வெறுங்கையோடு வந்தவள். சண்டை எதில் தொடங்கினாலும், "எங்க அண்ணன் வாங்கிக் குடுத்த மெத்தையிலதானே படுக்கிறீங்க" என்பதில் கொண்டுவந்து முடிப்பாள். அதைக் கேட்டதும் அவர் வாயை மூடிக்கொள்வார். ஜெயித்துவிட்டோம் என்று இவள் கொண்டையை முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போவாள்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவள் சரிசெய்துவிட்டால் மெத்தை இருக்கட்டும், முடியாவிட்டால் தெருதான். கீழே போட ஒரு பலகை கேட்டு வருகிறேன் என்று அவர் கிடங்குப் பக்கம் கிளம்பினார். குழியை நிரப்ப இவள் கடையிலிருந்து ஒரு மூட்டை வெட்டுத்துணி கொண்டுவந்திருந்தாள். அடியில் பலகை, நடுவில் துணி, மேலே தையல். செலவு நூலோடு போயிற்று. அவர் திரும்புவதற்குள் பாதி வேலையை முடித்து மூக்கை உடைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

தைக்கத் தெரிந்தவளுக்குப் பிரிக்கவா தெரியாது? கட்டிலில் ஏறி உட்கார்ந்து, உறையின் ஓரத் தையலை பிளேடால் சரசரவென்று பிரித்தாள். உள்ளே விரல் கனத்துக்குப் புது ஸ்பாஞ்ச். அதைச் சுருட்டித் தள்ளினால், அடியில் இன்னொரு மெத்தை, இன்னொரு உறையோடு. வெளுத்துப்போன நீலக்கோட்டுத் துணி. எவனோ ஒரு கடைக்காரன் பழைய மெத்தைக்குப் புதுச் சட்டை மாட்டி அண்ணன் தலையில் கட்டிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தாள். அந்த முகம் தெரியாதவனை வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தாள்.

அப்புறம்தான் ஒட்டைப் பார்த்தாள். சரியாகக் குழி விழுந்த இடத்தில், மஞ்சள் துணியில், வட்டமாக ஒரு ஒட்டு. ஒட்டுப் போடுகிறவர்கள் சதுரமாகத்தான் வெட்டுவார்கள். சதுரத்தின் மூலை சீக்கிரம் பிய்ந்து வரும் என்று வட்டமாக வெட்டி, சுற்றிலும் நெருக்கமாகக் காஜாத் தையல் போடுகிறவள் கடையிலேயே அவள் ஒருத்திதான். மஞ்சள் துணி அவளுடைய பழைய நைட்டி.

அம்மாவின் மெத்தை. அண்ணன் வீட்டில் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, உயிரை விட்ட மெத்தை. லீவு கிடைத்தபோதெல்லாம் இவள் போய்த் துடைத்துவிட்டு வருவாள். அப்படி ஒரு நாள் அம்மாவை ஒருபக்கமாகப் புரட்டிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தைத்த ஒட்டு இது. அம்மா போன மறுநாளே மெத்தையை எரித்துவிட்டதாக அண்ணன் சொல்லியிருந்தார்.

தலையில் இடி விழுந்தது என்பார்கள். இடி விழுந்தால் சத்தமாவது கேட்கும். அவள் கட்டிலை விட்டுக் குதித்துச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். கைகளைப் புடவையில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். பெற்றவளைத் தொட்டதற்கா துடைக்கிறோம் என்று உறைத்தது. கைகளை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருஷமாக இதிலா படுத்தோம்? இதையா ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டோம்?

அண்ணனுக்குப் போன் போட்டாள். மெத்தையைப் பிரித்தேன் என்று மட்டும் சொன்னாள். 

"மாப்பிள்ளை சொல்லிட்டாராம்மா?" என்றார் அண்ணன்.

இவள் போனை வைத்தாள். முதல் அடியையாவது தாங்கிக்கொண்டு நின்றாள். இதற்குத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெருவில் அவள் புருஷனுக்கு ரேடியோ என்று பெயர். இவர்கள் வீட்டுக் குழம்பில் உப்புக் கூடினால் எதிர்வீட்டுக்குத் தெரியும். அந்த மனுஷனுக்கா இது தெரியும்?

அவர் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். பிரிந்து கிடந்த மெத்தையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பலகையைச் சத்தமில்லாமல் சுவரில் சாய்த்தார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். வந்த அன்றைக்கே தெரியும் என்றார். அப்போது அண்ணனுக்கு வேலை போயிருந்ததாம். தங்கை வாய்விட்டுக் கேட்டுவிட்டாளே என்று, கையில் இருந்த கொஞ்சப் பணத்துக்கு ஸ்பாஞ்சும் உறையும் மட்டும் வாங்கி, அம்மாவின் மெத்தை மேலேயே வைத்துத் தைக்கக் கொடுத்தாராம்.

"நீ வாசல்ல நாலு வீட்டுப் பொம்பளைங்களக் கூட்டி வச்சுக்கிட்டு, எங்க அண்ணன் மெத்தை கொண்டாறார்னு நின்னுட்டிருந்த. அவர் மாடிப்படியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். திருப்பித் தூக்கிட்டுப் போயிடறேன்னார். நான்தான் மேல ஏத்துனேன்."

கேட்டது அவள்தான். புதுவீடு வந்ததும் அண்ணனிடம் மெத்தை வேண்டும் என்று உரிமையோடு கேட்டது, வீடு வீடாகப் போய்ச் சொன்னது, எல்லாம் அவள்தான். சண்டைதோறும் அதே மெத்தையை இவர் தலையில் போட்டதும் அவள்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"தூக்கிப் போட்டுடலாம்" என்றாள். எழுந்துபோய் ஒரு முனையைப் பிடித்தாள். அவர் எதிர்முனையைப் பிடித்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் இருந்தேன்" என்றார் அவர். "அத்தை போனதுலேர்ந்து நீ ராத்திரியில கண்ணே மூடல. எழுந்து எழுந்து உக்காந்துப்ப. இந்த மெத்தை வந்த அன்னிக்குத்தான் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குன. விடிஞ்சும் எந்திரிக்கல. அப்புறம் எப்படிச் சொல்றது?"

அவர் தூக்குவதற்காகக் குனிந்து காத்திருந்தார். அவள் தன் முனையைத் தூக்கவும் இல்லை, விடவும் இல்லை.